தாது வருஷத்துப் பூட்டனைத் தேடி: 19-ஆம் நூற்றாண்டு முன்னோரை ஏட்டிலும் கல்லறையிலும் கண்டுபிடிக்கும் வழி

அந்த வரியை நான் இரண்டு முறை தாண்டிப் போயிருக்கிறேன். அடக்கப் பதிவேட்டின் ஊர்க் கட்டத்தில் எங்கள் ஊர்ப் பெயரைத்தான் கண் தேடிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்தில் ஊர்ப் பெயர் முதல் வரியில் மட்டும்தான் இருந்தது. அதற்குக் கீழே பதினோரு வரிக்கும் வெறும் ௸. மேற்படி என்பதற்குப் பழைய கணக்குப்பிள்ளைகள் போடும் குறி. மூன்றாம் தடவை உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. எட்டாவது ௸-க்கு நேரே எங்கள் பூட்டன் இருந்தார். வயது 45. காரணம் பேதி. இறந்த தேதியும் அடக்கத் தேதியும் ஒன்றே.

நாங்கள் திருநெல்வேலிச் சீமைக் கிறிஸ்தவக் குடும்பம். அதனால் எனக்கு ஏடு கிடைத்தது. எல்லாக் குடும்பத்துக்கும் அப்படி வாய்க்காது. அவர்களுக்கான வழிகளையும் பின்னால் சொல்கிறேன். எந்தக் குடும்பமானாலும் ஒன்று பொது. ஆளின் பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் வழி தப்பும். ஊரையும் அக்கம்பக்கத்தையும் பிடித்துக்கொண்டு போனால் ஆள் தானாக எதிர்ப்படுவார். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்பதை மறந்து தேடுகிறவர்கள்தான் அதிகம் அலைகிறார்கள்.

முதலில் வீடு

எந்த அலுவலகத்துக்கும் போகும் முன் வீட்டுப் பெரியவர்களிடம் உட்காருங்கள். "அவர் எப்போ பிறந்தார்?" என்று கேட்டால் "அது யாருக்குத் தெரியும்" என்பார்கள். கேள்வியை மாற்றிக் கேட்க வேண்டும். எந்த மாசம் திதி கொடுப்பார்கள்? கல்லறைத் திருநாளுக்கு எந்தக் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள்? அவர் சாகும்போது தாத்தா நடக்கிற பிள்ளையா, கைப்பிள்ளையா? பஞ்சத்துக்கு முன்னாலா, பின்னாலா? இதற்கெல்லாம் பதில் வரும்.

இந்துக் குடும்பங்களில் திதியே ஓர் இறப்புப் பதிவு. ஆடி மாதம் தேய்பிறைத் தசமி என்று ஆண்டுதோறும் செய்து வருகிறார்கள் என்றால், அந்த மனிதர் இறந்த மாதமும் திதியும் தலைமுறை தாண்டிக் காப்பாற்றப்பட்டிருக்கின்றன. ஆண்டு மட்டும் தெரிந்துவிட்டால் பஞ்சாங்கக் கணக்கில் ஆங்கிலத் தேதியே கிடைத்துவிடும். தர்ப்பணம் செய்கிறவர்கள் வீட்டில் அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என மூன்று தலைமுறைப் பெயர்களும், தாய்வழிப் பெயர்களும் வாயிலேயே இருக்கும். அவற்றை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

பிறகு பெட்டியைக் கிளறுங்கள். ஜாதகக் கட்டு, மூலப்பத்திரம், குடும்ப வேதாகமத்தின் முன்பக்க வெற்றுத்தாள், போட்டோவின் முதுகு. 1900-க்குப் பிந்தைய பத்திரத்தில்கூட "இன்னார் பேரன், இன்னார் குமாரன்" என்று இரண்டு தலைமுறை இருக்கும்.

இன்னொன்று. பேரன் என்ற சொல்லே பெயரன்தான். தாத்தா பெயரைத் தாங்குகிறவன். மூத்த பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது வழக்கமாக இருந்த குடும்பத்தில் ஒன்றுவிட்ட தலைமுறையில் அதே பெயர் திரும்ப வரும். தெரிந்த பெயரை வைத்துத் தெரியாத தாத்தாவின் பெயரை ஊகிக்க இது உதவும். தாத்தாவையும் பேரனையும் ஒரே ஆளாக நினைத்துக் குழம்பவும் இதுவே காரணமாகும்.

ஆண்டுக் கணக்கு

வீட்டில் சொல்லும் ஆண்டு தமிழ் ஆண்டாகவோ கொல்லம் ஆண்டாகவோ (தென்கோடியிலும் மலையாளச் சீமையிலும் வழங்கியது) இருக்கும், பத்திரத்தில் பசலியாக (நிலவரிக் கணக்கு ஆண்டு) இருக்கும், ஏட்டில் ஆங்கில ஆண்டாக இருக்கும். மாற்றத் தெரிந்தால்தான் முன்னேற முடியும்.

தமிழ் ஆண்டு 60 வருஷத்துக்கு ஒருமுறை சுற்றும். சுற்றின் முதல் ஆண்டான பிரபவ 1807-லும் 1867-லும் பிறந்தது. அதிலிருந்து பத்தாவது தாது, அதாவது 1876 சித்திரை முதல் 1877 பங்குனி வரை. விபவ என்றால் 1808-ஆ 1868-ஆ என்பதை மற்ற விவரங்களை வைத்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். கொல்லம் ஆண்டோடு 825-ஐக் கூட்டுங்கள். ஆவணியில் ஆண்டு பிறந்து டிசம்பர் முடிகிற வரைக்கும் 824. பசலி ஜூலையில் தொடங்கும்: ஜூலை முதல் டிசம்பர் வரை 590, ஜனவரி முதல் ஜூன் வரை 591 கூட்ட வேண்டும். ஹிஜ்ரி ஆண்டு சந்திரக் கணக்கு, நம் ஆண்டைவிடப் பதினோரு நாள் குறைவு. அதற்கு இப்படி நேராகக் கூட்டல் போட முடியாது, மாற்று அட்டவணை வேண்டும்.

எங்கள் வீட்டில் "தாது வருஷப் பஞ்சத்துல செத்தார்" என்றுதான் சொல்வார்கள். நான் 1876, 1877 பக்கங்களை மட்டும் புரட்டிவிட்டு இல்லை என்று எழுந்து வந்தேன். பஞ்சம் 1878 வரை நீண்டது. ஜனங்கள் முழுவதையும் தாது வருஷப் பஞ்சம் என்றே சொன்னார்கள். பூட்டன் இறந்தது 1878 ஜனவரி. கணக்குப்படி அது ஈஸ்வர வருஷத்துத் தை, கொல்லம் 1053, பசலி 1287. வாய்மொழி ஆண்டுக்கு முன்னும் பின்னும் ஐந்து ஆண்டு சேர்த்தே தேடுங்கள்.

சாவிலிருந்து பின்னோக்கி

பிறப்பைத்தான் முதலில் தேட எல்லோருக்கும் ஆசை. இறப்பைத்தான் முதலில் தேட வேண்டும். அது நமக்குப் பக்கத்தில் இருக்கிறது, சொல்ல ஆள் இருக்கிறது, கல் இருக்கலாம். இறப்புப் பதிவில் வயது இருக்கும். அந்த வயதுதான் பிறப்பு ஏட்டில் எந்தக் கட்டைத் திறக்க வேண்டும் என்று சொல்லும். நடுவில் திருமணப் பதிவு பாலமாக வரும்.

அந்த வயதை அப்படியே நம்பிவிடாதீர்கள். 50, 60, 70 என்று முழு எண்ணாக இருந்தால் யாரோ பார்வையில் மதித்துச் சொன்னது. முன்னும் பின்னும் பத்து ஆண்டு வைத்துக்கொள்வேன். 45, 55 போன்றவற்றுக்கும் ஏறக்குறைய அதேதான். 43, 67 என்று இருந்தால் மட்டும் சொன்னவருக்குக் கணக்குத் தெரிந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டு மூன்று ஆண்டு இடைவெளியில் தேடுவேன்.

அரசு ஏடுகள்

இப்போது நடைமுறையில் இருப்பது 1969-ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம். அதற்கு முன் சென்னை மாகாணத்துக்கு 1899-ஆம் ஆண்டுச் சட்டம். அதற்கும் முன்னால் ஊர் முன்சீபும் (கிராமத் தலைவர்) கர்ணமும் (கிராமக் கணக்கர்) எழுதி வைத்த ஏடுகள்; இவை ஊருக்கு ஊர் வேறுபடும், பல மிஞ்சவே இல்லை. பரம்பரையாக வந்த கர்ணம், முன்சீப் பதவிகள் 1980-இல் ஒழிக்கப்பட்டபோது ஏடுகள் கைமாறின. கிராம நிர்வாக அலுவலரிடம் விசாரித்து, தாலுகா அலுவலகம், சார் பதிவாளர் அலுவலகம் என்று போக வேண்டும். மாநகராட்சி, நகராட்சி எல்லைக்குள் என்றால் அங்குள்ள சுகாதாரப் பிரிவு.

மனுவில் பெயரை மட்டும் எழுதாமல் ஊர், அப்போதைய தாலுகா, தகப்பனார் பெயர், தேட வேண்டிய ஆண்டுகள் எல்லாவற்றையும் எழுதுங்கள். மாவட்ட எல்லைகள் பலமுறை மாறியிருக்கின்றன. கன்னியாகுமரி மாவட்டம் 1949 வரை திருவிதாங்கூர், பிறகு 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சி. சென்னை மாகாண ஏட்டில் அதைத் தேடிப் பயனில்லை. நகலில் இறப்பின் காரணம் இருக்காது; 1969 சட்டம் அதை வெளியாருக்குக் கொடுக்க விடாது.

ஓர் அலுவலகத்தில் என்னை நான்கு மாதம் அலையவிட்டு, கடைசியில் அந்த ஆண்டு ஏட்டைக் கறையான் தின்றுவிட்டது என்றார்கள். அது முதல் நாளே தெரிந்த விஷயம்தான். ஆகவே முதல் நாளே "இந்த ஊருக்கு எந்த ஆண்டிலிருந்து ஏடு இருக்கிறது?" என்று கேளுங்கள். இருப்பது 1920-இல்தான் தொடங்குகிறது என்றால் மனுவே போட வேண்டாம்.

வெளிநாட்டுக்காரர்கள் சென்சஸில் தேடுவதைப் பார்த்துவிட்டு இங்கும் சிலர் கேட்கிறார்கள். சென்னை மாகாணத்தில் 1871-லேயே கணக்கெடுப்பு நடந்தது உண்மைதான். நமக்கு வந்து சேர்ந்தவை தொகைகள். வீடுவாரியாகப் பெயர் எழுதிய தாள்கள் இல்லை.

கோயில் ஏடுகள்

கிறிஸ்தவக் குடும்பத்துக்கு உயிர்நாடி இதுதான். முதல் வேலை, அந்த ஆண்டில் அந்த ஊர் எந்த மிஷனின் கீழ் இருந்தது என்று கண்டுபிடிப்பது. இன்று பல ஊர்கள் தென்னிந்தியத் திருச்சபை என்றாலும் அது 1947-இல் உருவானது. 19-ஆம் நூற்றாண்டில் நாகர்கோவில் பக்கம் லண்டன் மிஷன். திருநெல்வேலியில் சர்ச் மிஷனும் எஸ்.பி.ஜி. (நற்செய்தி பரப்பும்) சங்கமும் ஊர்களைப் பங்கிட்டிருந்தன; கால்டுவெல் 1841 முதல் இருந்த இடையன்குடி எஸ்.பி.ஜி. சங்கத்தது. தரங்கம்பாடியில் 1706 முதல் டேனிஷ் மிஷன், பிறகு லைப்சிக் லுத்தரன் மிஷன்.

கத்தோலிக்கருக்கு இன்னொரு சிக்கல். கோவாவின் பதுரவாதோ (போர்ச்சுகீசிய அரசரின் ஆதரவில் நடந்த) ஆளுகைக்கும் ரோமாபுரியிலிருந்து நேரடியாக வந்த குருக்களுக்கும் நடந்த அதிகாரச் சண்டையில் சில இடங்களில் ஒரே ஊருக்கு இரண்டு கோயில், இரண்டு ஏடு. ஒன்றில் இல்லையென்றால் அடுத்ததைப் பாருங்கள். மதுரை மிஷன் சேசு சபையாரின் ஆவணங்கள் கொடைக்கானலுக்குப் பக்கத்தில் செண்பகனூரில் இருக்கின்றன.

அடுத்தது தாய்ப்பங்கு. இன்று தனிப் பங்காக, தனிச் சேகரமாக இருக்கும் ஊர் அன்று வேறொரு பெரிய ஊரின் கிளையாக இருந்திருக்கும். உங்கள் ஊர்க் கோயிலில் ஏடு 1931-இல் தொடங்குகிறது என்றால், அதற்கு முன் ஞானஸ்நானத்துக்கு எந்த ஊருக்கு வண்டி கட்டினார்கள் என்று கேளுங்கள். ஏடு அங்கே இருக்கும்.

போகும்போது உங்கள் சேகர குருவிடமோ பங்குச்சாமியாரிடமோ ஒரு கடிதம் வாங்கிப் போங்கள். கிறிஸ்துமஸ், அறுப்பின் பண்டிகை, ஊர்த் திருவிழா நாட்களைத் தவிருங்கள். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளையைப் பகைத்துக்கொள்ளாதீர்கள், எந்த பீரோவில் எது இருக்கிறது என்பது குருவைவிட அவருக்குத்தான் தெரியும். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்ட வேண்டாம், பிளாஷ் போட்டுப் படம் எடுக்க வேண்டாம். உங்கள் ஆள் இருக்கும் வரியை மட்டும் எடுக்காமல் முழுப் பக்கத்தையும், முன் பக்கத்தையும், பின் பக்கத்தையும் எடுங்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் அந்தப் பக்கங்கள் பேசும்.

தமிழ் ஏடென்றால் கையெழுத்து பழக இரண்டு மணி நேரம் ஆகும். புள்ளி வைத்திருக்க மாட்டார்கள், காலும் ரகரமும் ஒன்றுபோல இருக்கும். ௵ வருஷம், ௴ மாதம், ௳ தேதி. ஆங்கில ஏடென்றால் பெயரைக் காதால் தேட வேண்டும். ஞானமுத்து என்ற பெயர் ஜி வரிசையிலும் வரும், என் வரிசையிலும் வரும். எழுதியவர் எந்த ஊர்ப் பாதிரியார் என்பதைப் பொறுத்தது. கத்தோலிக்க ஏடு லத்தீனில் இருக்கும். பயப்பட வேண்டாம், ஒரே வாய்ப்பாடுதான்: இன்ன தேதியில், இன்னார் இன்னாருக்குப் பிறந்த மகனுக்கு ஞானஸ்நானம் கொடுத்தேன், ஞானத்தகப்பன் இன்னார், ஞானத்தாய் இன்னார். நாலு வரி படித்தால் ஐந்தாவது தானாக வரும். ஞானப் பெற்றோர் பெரும்பாலும் மாமன், அத்தை, சித்தப்பா வகையறாதான். அந்தப் பெயர்களை விட்டுவிடாதீர்கள்.

கத்தோலிக்க ஞானஸ்நான ஏட்டின் ஓரத்தையும் பாருங்கள். 1908 முதல், ஒருவருக்குத் திருமணம் ஆனால் அதை அவரது ஞானஸ்நான வரிக்குப் பக்கத்தில் குறிக்க வேண்டும் என்று ரோமாபுரி விதி. 1885-இல் பிறந்தவர் 1910-இல் வேறு ஊரில் கல்யாணம் செய்திருந்தால் அந்த ஊர் இங்கே ஓரத்தில் இருக்கும்.

கோயில் ஏடு அழிந்திருந்தால் திருமணப் பதிவுக்கு மட்டும் இன்னொரு வாசல் உண்டு. 1872-ஆம் ஆண்டு கிறிஸ்தவத் திருமணச் சட்டப்படி நகல்கள் அரசுக்குப் போயின. அதில் மணமக்கள் வயதும் தகப்பன் பெயரும் கிடைக்கும்.

கல்லறைத் தோட்டம்

ஆண்டில் ஒரு நாள்தான் போக முடியும் என்றால் நவம்பர் 2 அன்று போங்கள். கல்லறைத் திருநாளுக்குப் புல் வெட்டி, வெள்ளை அடித்து, பூப்போட்டு வைத்திருப்பார்கள். எந்தக் கல்லறைக்கு யார் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள் என்று பார்த்தால் உங்களுக்குத் தெரியாத சொந்தக்காரர்களே கிடைப்பார்கள். எனக்கு அப்படி ஒரு பெரியத்தை கிடைத்தார். ஒன்றே ஒன்று, அந்த வெள்ளைதான் எழுத்துக்கு எமன். பத்து ஆண்டு சுண்ணாம்பு ஏறிய கல்லில் எழுத்து பள்ளமாகத் தெரியாது.

சுரண்டாதீர்கள். கம்பி பிரஷ், ஆசிட், மாவு, சாக்பீஸ் எதுவும் வேண்டாம். காலை ஏழு மணிக்கோ மாலை ஐந்து மணிக்கோ போனால் சாய்ந்த வெயிலே எழுத்தைத் தூக்கிக் காட்டும். உச்சி வெயிலில்தான் போக முடிந்ததென்றால் ஒரு முகம்பார்க்கும் கண்ணாடியால் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் பாய்ச்சுங்கள். வெறும் தண்ணீர் தெளிப்பது போதும். காயும்போது பள்ளம் கடைசியில் காயும், அந்த அரை நிமிஷத்தில் படம் எடுங்கள்.

தமிழ் எண்ணைப் படிக்கத் தெரிய வேண்டும். எங்கள் ஊரில் ஒரு கல்லில் ௲௮௱௭௰௮ என்று இருந்ததைப் பார்த்துப் பையன்கள் ஏதோ மந்திரம் என்றார்கள். ௲ ஆயிரம், ௮௱ எண்ணூறு, ௭௰ எழுபது, ௮ எட்டு: 1878. தேய்ந்த கல்லில் ௧ என்பது க போலவும், ௭ எ போலவும், ௮ அ போலவும், ௬ சு போலவும் இருக்கும். எழுத்தென்று நினைத்து விட்டுவிடக் கூடாது. ணா, றா, னா, லை, னை எல்லாம் 1978 சீர்திருத்தத்துக்கு முந்தைய சுழித்த, கொம்பு வைத்த வடிவத்தில் இருக்கும்.

கல் சொல்வதைவிட ஏடு சொல்வதையே நம்புங்கள். கல்லை மகனோ பேரனோ கையில் காசு வந்தபோது நட்டிருப்பான். ஏட்டை அன்றைக்கே எழுதியிருப்பார்கள். ஏழைகளுக்குக் கல்லே இருந்திருக்காது. பஞ்ச காலத்தில் போனவர்களில் மிகச் சிலருக்குத்தான் கல். எங்கள் பூட்டனுக்கும் இல்லை.

பிறப்பு

இவ்வளவுக்கும் பிறகு பிறப்புக்கு வருகிறோம். அரசுப் பிறப்பு ஏட்டில் குழந்தையின் பெயர் பெரும்பாலும் இருக்காது. பதிவு செய்யும்போது பெயர் வைத்திருக்க மாட்டார்கள். "ஆண்" அல்லது "பெண்" என்று மட்டும் இருக்கும். தகப்பன் பெயரையும் தெருவையும் வைத்துத் தேடி, உடன்பிறந்தவர்களின் பிறப்பு வரிசையை எழுதி, அதில் உங்கள் ஆள் எந்த இடைவெளியில் பொருந்துகிறார் என்று பாருங்கள்.

முதல் தலைமுறைக் கிறிஸ்தவரென்றால் பிறந்தபோது ஞானஸ்நானமே இல்லை. வளர்ந்தோர் ஞானஸ்நான வரியைத் தேட வேண்டும். திருநெல்வேலியில் 1877, 1878 பஞ்ச காலத்தில் கூட்டம் கூட்டமாகச் சேர்ந்தார்கள்; ஒரே நாளில் முழுத் தெருவும் ஏட்டில் ஏறியிருக்கும். இப்படிப்பட்ட வரிகளில் பழைய பெயர், புதுப் பெயர் இரண்டும் இருந்தால் அதைவிட அதிர்ஷ்டம் இல்லை.

ஒரே பேரில் இரண்டு பேர்

இரண்டு ஆண்டு நான் வேறொருவரைப் பூட்டன் என்று கொண்டாடியிருக்கிறேன். அதே பெயர், அதே தகப்பன் பெயர், அதே ஊர். வம்சாவளி வரைந்து கல்யாண வீட்டில் எல்லோருக்கும் காட்டியாகிவிட்டது. பிறகு ஒருநாள் குழந்தை அடக்கம் ஒன்று கண்ணில் பட்டது: அந்த மனிதரின் மகள், வயது 2, தாயின் பெயர் வேறு. பெரியப்பா மகனும் சித்தப்பா மகனும் ஒரே தாத்தாவின் பெயரைத் தாங்கியிருந்தார்கள், அவ்வளவுதான். வரைந்த தாளைக் கிழித்துப் போட்டேன்.

அதன் பிறகு மனைவி பெயர், தெரு அல்லது வளவு, தொழில், சாட்சி போட்டவர் இவற்றில் குறைந்தது மூன்று பொருந்தாமல் யாரையும் நான் ஏற்பதில்லை. குழந்தை அடக்கங்களை மனம் கனத்துப் போய்த் தள்ளிவிடத் தோன்றும், தள்ளாதீர்கள். தாய் தகப்பன் இருவர் பெயரும் சேர்ந்து வரும் இடம் அது.

ஏடு இல்லாத குடும்பங்கள், கடல் தாண்டியவர்கள்

இந்துக் குடும்பங்களுக்கு ஊர் இறப்பு ஏட்டுக்கு வெளியே நிலம்தான் ஏடு. மூலப்பத்திரத்திலிருந்து பின்னோக்கிப் போங்கள். கோயில், மடம், சத்திரம், ஊர்ப்பணி என்று ஏதாவது மானியம் அனுபவித்த குடும்பமானால் 1860-களின் இனாம் (மானிய நில) ஏடுகளைச் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் பாருங்கள். மானியம் முதலில் யாருக்குக் கிடைத்தது, அப்போது அனுபவித்தவர் அவருக்கு என்ன உறவு என்பது இருக்கும். முஸ்லிம் குடும்பங்களில் மையவாடியில் (அடக்கத்தலம்) பெயர்க்கல் அரிது. ஜமாஅத்தின் நிக்காஹ் தப்தர் என்ற திருமணப் பதிவேடுதான் கதவு.

ஐரோப்பிய, ஆங்கிலோ இந்திய முன்னோர் என்றால் வேலை எளிது. சென்னை மாகாணக் குருக்கள் அனுப்பிய ஞானஸ்நான, திருமண, அடக்க நகல்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் என்/2 என்ற வரிசையில் இருக்கின்றன; பெரும்பகுதி இணையத்திலேயே தேடலாம். புதுச்சேரிக் குடும்பங்கள் 1881 செப்டம்பர் 21 ஆணையை நினைவில் வையுங்கள். சொந்தச் சமூகச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் அப்போது புதிதாகக் குடும்பப் பெயர் எடுத்தார்கள். அந்தப் பெயருக்கு முன்னால் என்ன பெயர் என்பதைத் துறப்புப் பத்திரத்தில் தேட வேண்டும்.

கரும்புத் தோட்டத்துக்குப் போனவர்களின் சந்ததியினர் நம்மைவிடக் கொடுத்துவைத்தவர்கள். சென்னையிலிருந்து கிளம்பிய டுரூரோ கப்பல் 1860 நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் உள்ள டர்பனில் கரைசேர்ந்தது. அதிலிருந்து 1911 வரை நேட்டாலுக்குப் போனவர்களுக்கு எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஊர் எல்லாம் கப்பல் பட்டியலில் உண்டு. மொரிஷியஸ் பதிவுகள் மகாத்மா காந்தி நிலையத்தில் இருக்கின்றன. அந்த எண் கையில் இருந்தால் அங்குள்ள இறப்புப் பதிவு வரை பிடித்துக்கொண்டு போகலாம்.

பூட்டி

பெண்களைத் தேடுவது தனிப் பாடு. அடக்க ஏட்டில் எங்கள் பூட்டி 1901-இல் வருகிறாள், "௸யார் விதவை" என்று. பெயர்க் கட்டத்தில் ஒரு கிறிஸ்தவப் பெயர். அந்தப் பெயரில் ஞானஸ்நான வரி எதுவும் இல்லை. கல்லறைத் தோட்டத்தில் கிடைத்த பெரியத்தையிடம் கேட்டேன். "வேதத்துக்கு வருததுக்கு முன்னால வேற பேரு அய்யா. எங்க ஆச்சி கோவம் வந்தா அந்தப் பேரச் சொல்லித்தான் ஏசுவாளாம். எனக்கு நாக்கு நுனியில நிக்கி, வரமாட்டேங்கு."

1877 ஏட்டில் பூட்டன் ஞானஸ்நானம் பெற்ற அதே நாள், அதே தெரு. அவருக்கு இரண்டு வரி கீழே, பழைய பெயர்க் கட்டத்தில், இசக்கியம்மன் பெயர் வைத்த ஒருத்தி, வயது 30. புதுப் பெயர்க் கட்டத்தில் மை ஊறிப் பரவியிருந்தது. முதல் எழுத்து மட்டும் தெரிந்தது. பெரியத்தைக்குப் போன் போட்டு அந்தப் பழைய பெயரைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"அதேதான்" என்றார்.